கௌசானி போறோம், சுத்தி என்னென்ன பாக்கலாம்? போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

பிஎம்_பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க பினாங்கு பக்கம், புக்கிட் மெர்தாஜாம். அம்மாவுக்கு ரொம்ப நாளா பனிமலை பாக்கணும்னு ஆசை. காசி ராமேஸ்வரம்லாம் ஏற்கனவே போயிட்டு வந்துட்டாங்க, கேதார்நாத் ஏறுற அளவுக்கு இப்ப முட்டி ஒத்துழைக்காது. இந்த நிலைமையில யாரோ காந்தி தங்கின மலை ஊருன்னு வட இந்தியாவுல உத்தராகண்ட்ல இருக்கிற கௌசானிய பத்தி சொல்லிட்டாங்க போல, இப்ப அங்கதான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க (முட்டி வலி அதுக்கு மட்டும் இல்ல).

ஏஜெண்டு ஒருத்தர்கிட்ட கேட்டா ஒரே வாரத்துல நைனிடால், கௌசானி, முசூரி, ஹரித்துவார்னு போட்டு ஒரு பிளான் அனுப்பியிருக்காரு, அதுல கௌசானிக்கு ஒரே ஒரு ராத்திரிதான், மறுநாள் காலைல "ஆறு பாயிண்ட் சைட்சீயிங்" முடிச்சுட்டு கிளம்பிடணுமாம். பாத்ததுமே எனக்கு தலை சுத்துது. நான், வீட்டுக்காரர், அம்மா, நாலாம் வகுப்பு படிக்கிற பையன், இவ்ளோதான் ஆளு. தீபாவளி முடிஞ்ச கையோட போகலாம்னு இருக்கோம். அங்க உண்மையிலேயே பாக்க என்ன இருக்கு, எத்தனை நாள் தங்கலாம், சுத்துவட்டாரத்துல எது போகலாம் எது வேஸ்ட்டு, யாராவது நேர்ல போனவங்க சொன்னா புண்ணியமா போகும்.

—

செந்தூல்_சிங்கம்:

சிஸ்டர் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, கௌசானில ஒண்ணும் இல்ல. நாலு கடை, ஒரு ஆசிரமம், ஒரு டீ தோட்டம், மதியத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். டீ தோட்டம் பாக்க டெல்லி போய் ரயில் ஏறி மலை ஏறணுமா, நம்ம கேமரன் மலையில இல்லாததா? பையன் வேற கூட வர்றான், பேசாம மணாலி போங்க, பனியில விளையாடலாம், ரோப்கார் இருக்கு, கடை இருக்கு. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க லா.

—

மலையேறி_கேஎல்:

சிங்கம் அண்ணே சொல்றதுல பாதி சரிதான், ஊருக்குள்ள ஒண்ணும் இல்ல. ஆனா கௌசானிக்கு யாரும் ஊரைப் பாக்க போறதில்லையே, எதிர்ல நிக்கிற மலையப் பாக்கத்தான் போறாங்க.

ஊரு ஏறக்குறைய 1890 மீட்டர் உயரத்துல ஒரு மலை முதுகுல இருக்கு. நம்ம கெந்திங் மலை உயரம்தான் கிட்டத்தட்ட, அதனால ஆக்சிஜன் பத்தாது, வயசானவங்களுக்கு ஆகாதுன்னு யாராவது பயமுறுத்தினா காதுல வாங்காதீங்க. வடக்கால கீழ பெரிய பள்ளத்தாக்கு, வயலும் வீடுமா இருக்கும், அதுக்கு அந்தாண்ட நேர் எதிர்ல திரிசூல். மூணு சிகரம் பக்கத்துல பக்கத்துல நிக்கிறதால அந்தப் பேரு, அதுல பெருசு 7120 மீட்டர். 1907-ல லாங்ஸ்டாஃப்னு ஒரு வெள்ளைக்காரர் டீம் அதுல ஏறி முடிச்சாங்க, 7000 மீட்டருக்கு மேல உள்ள ஒரு மலையோட உச்சிய மனுஷன் தொட்டது அதுதான் முதல் தடவை. வலது பக்கம் தள்ளி நந்தா தேவி, 7816 மீட்டர், இந்தியாவுல கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்த உயரம் அதான். அப்புறம் நந்தா கோட், இன்னும் கிழக்கால போனா பஞ்சசூலி, அஞ்சு சிகரம். நம்ம சபாவுல இருக்கிற கினபாலு மலையே 4095 மீட்டர்தான், அதோட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரத்த உங்கம்மா நாற்காலியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பாக்கலாம், ஒரு படி ஏற வேணாம். முட்டி வலிக்காரங்களுக்கு இத விட நல்ல இடம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

ஆனா ஒண்ணு, மேகம் மூடிடுச்சுன்னா ஒண்ணுமே தெரியாது, வெள்ளைச் சுவரைப் பாத்துட்டு வரவேண்டியதுதான். அதனாலதான் ஒரு ராத்திரி பிளான சுத்தமா வேணாம்னு சொல்றேன், ஒரு காலை கைவிட்டா இன்னொரு காலை கிடைக்கணும், குறைஞ்சது மூணு ராத்திரி போடுங்க. நீங்க சொல்ற தீபாவளி டைம் ரொம்ப சரியான டைம், அக்டோபர் பாதியிலேர்ந்து நவம்பர் முழுக்க வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை, ரோட்டுல மண் சரிவு. ஏப்ரல் மே ஜூன்ல அங்க லீவு கூட்டம், போதாததுக்கு பைன் காட்டுல தீ பிடிச்சு புகைமூட்டம், மலை இருக்கிற திசையே தெரியாம போன ஆளுங்கள எனக்கு தெரியும். மார்ச்ல போனா புராஞ்ஷ்னு செக்கச்செவேல்னு பூ பூத்திருக்கும், அதுல ஜூஸ் போட்டு விப்பாங்க, அதுவும் நல்ல டைம்தான் ஆனா மலை நவம்பர் அளவுக்கு பளிச்னு தெரியாது.

காலைல ஆறு மணிக்கெல்லாம் எழுந்து வெளிய வந்துடணும். முதல்ல சிகரம் மட்டும் லேசா செவக்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் வெளிச்சம் கீழ இறங்கி மொத்தமும் வெள்ளை. பத்து மணிக்கு மேல பல நாள் மேகம் ஏறிடும். சாயந்தரம் சூரியன் சாயும்போது திரும்பவும் ஒரு தடவை கலர் மாறும், காலையில மிஸ் பண்ணினவங்களுக்கு அது சான்ஸ். ரூம் புக் பண்ணும்போது "மலை தெரியுமா"ன்னு கேக்காதீங்க, எல்லாருமே தெரியும்னுதான் சொல்வாங்க, வடக்கு பாத்த ஜன்னலா, கட்டிலேர்ந்து தெரியுமா இல்ல மொட்டை மாடிக்குப் போகணுமான்னு கேளுங்க.

ஊருக்குள்ள பாக்கணும்னா அனாசக்தி ஆசிரமம் கண்டிப்பா. 1929-ல காந்தி அங்க ரெண்டு வாரம் போல தங்கினாரு, கீதைக்கு அவர் எழுதின அனாசக்தி யோகத்தோட முன்னுரைய அங்கதான் எழுதினதா சொல்வாங்க. அப்ப அது ஒரு டீ எஸ்டேட் பங்களா. இப்ப உள்ள படங்கள் வெச்சிருக்காங்க, சாயந்தரம் பிரார்த்தனை நடக்கும், ரொம்ப சிம்பிளா தங்கவும் ரூம் உண்டு, அந்த முத்தத்துலேர்ந்து தெரியுற மலை, காசு குடுத்து தங்குற ஓட்டல்ல கூட அப்படி தெரியாது. பக்கத்துலயே சுமித்ரானந்தன் பந்த்னு ஹிந்திக் கவிஞர் பொறந்த வீடு, மியூசியமா வெச்சிருக்காங்க, 1968-ல ஞானபீடம் வாங்கினவர், ஹிந்தியில அந்த விருது முதல்ல கிடைச்சது இவருக்குத்தான். அமிதாப் பச்சனுக்கு அமிதாப்னு பேர் வெச்சதே இவர்தானாம், அம்மா படம் பாக்கிறவங்கன்னா அதை சொல்லுங்க, உள்ள வர ஒத்துக்குவாங்க.

டீ தோட்டம் வழியில வந்தா பாருங்க, தனியா அதுக்குன்னு போக வேணாம். அதுல சிங்கம் அண்ணே கட்சிதான் நானும், கேமரன்ல தானா ராத்தா பாத்த கண்ணுக்கு அது சின்னது.

—

தண்ணிமலை_பக்தன்:

மேல சொன்னவர் மலைய சொல்லிட்டாரு, நான் கோயில சொல்றேன். அந்த "ஆறு பாயிண்ட்"ட தூக்கி ஓரமா வெச்சுட்டு அந்த நேரத்தை இதுக்கு குடுங்க.

முதல்ல பைஜ்நாத். கௌசானிலேர்ந்து கீழ இறங்கினா கருட்னு ஒரு ஊரு, அதை ஒட்டி கோமதி ஆத்தங்கரையில இருக்கு, ஒரு மணி நேரம் கூட ஆகாது. கத்யூரி ராஜாக்கள் ஆண்ட தலைநகரம் அது, கார்த்திகேயபுரம்னு அப்ப பேரு (நம்ம ஆளு பேரு அங்க வரைக்கும் போயிருக்கு பாருங்க). கல்லுல கட்டின கோயில்கள் கூட்டமா இருக்கும், மூலவர் வைத்தியநாதர், ஆனா உள்ள போய் நின்னா கண்ணு போறது கருங்கல்லுல செஞ்ச பார்வதி சிலை மேலதான். கிட்டத்தட்ட ஆள் உயரம், சுத்தி குட்டி குட்டி சிலையா செதுக்கியிருக்காங்க, அந்த வேலைப்பாட்டுக்கே ஒரு மணி நேரம் நிக்கலாம். படித்துறையில பெரிய பெரிய மாசீர் மீன் கூட்டமா வரும், பொரி வாங்கிப் போடலாம், உங்க பையன் அங்கேர்ந்து நகர மாட்டான். ஒரு விஷயம் கவனம், இமாச்சல் பிரதேசத்துல காங்ராப் பக்கம் இன்னொரு பைஜ்நாத் இருக்கு, அதுவும் சிவன் கோயில், அதுவும் ஃபேமஸ், நெட்ல தேடினா ரெண்டும் கலந்து வரும். ஏஜெண்டு ஆளுங்களே குழம்புறாங்க.

அப்புறம் கட்டார்மல் சூரியனார் கோயில். இது அல்மோராங்கிற மலை டவுனுக்கும் கௌசானிக்கும் நடுவுல கோசிங்கிற இடத்துக்கு மேல இருக்கு, அதனால போற வழியிலயே முடிச்சுக்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு, கிழக்கு பாத்த பெரிய கோயில், சுத்தி நாப்பதுக்கும் மேல குட்டிக் கோயில்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். கோபுரம் பாதி இடிஞ்ச மாதிரிதான் தெரியும், பெருசா பூஜை கூட்டம் எல்லாம் இல்ல. பழைய சிலை ஒண்ணு திருடு போனதால செதுக்கின மரக்கதவைக் கழட்டி டெல்லி நேஷனல் மியூசியத்துல வெச்சுட்டாங்க. டெல்லியில அரை நாள் மிச்சம் இருந்தா அங்க போய் கதவப் பாருங்க, மலையில வெறும் நிலைப்படிய பாத்துட்டு வந்தவங்களுக்கு அது வேற மாதிரி இருக்கும். கொஞ்சம் மேட்டுல நடக்கணும், அம்மாவால முடியலைன்னா காடியிலயே உக்கார வெச்சுடுங்க.

மூணாவது, என்னைக் கேட்டா முதலாவது, ஜாகேஸ்வர். அல்மோராவத் தாண்டி 36 கிலோமீட்டர். ஒரு சின்ன ஓடை, ரெண்டு பக்கமும் வானத்தைத் தொடுற தேவதாரு மரம், அந்த இருட்டுக்குள்ள நூத்துக்கும் மேல கல் கோயில்கள், சிலது நம்ம உயரம் கூட இருக்காது, சிலது தலையில மரத்துல குடை மாதிரி கூரை போட்டு நிக்கும். ஏழாம் நூற்றாண்டுலேர்ந்து பல காலமா கட்டிக்கிட்டே வந்திருக்காங்க. மிருத்யுஞ்ஜயர் சன்னதி அங்க ரொம்ப விசேஷம். "நாகேசம் தாருகாவனே"ன்னு ஜோதிர்லிங்க ஸ்லோகத்துல வர்ற தாருகாவனம் இதுதான்னு அந்த ஊர்க்காரங்க அடிச்சு சொல்வாங்க, குஜராத்துல துவாரகா பக்கம் உள்ளவங்க எங்களுதுதான்னு சொல்வாங்க, அந்த சண்டைக்குள்ள நான் வரல. ரெண்டு இடத்துலயும் கும்பிட்டாச்சு.

கௌசானிலேர்ந்து ஒரே நாள்ல ஜாகேஸ்வர் போய்ட்டு திரும்ப நினைக்காதீங்க, வளைவு வளைவா ரோடு, மொத்த நாளும் காடியிலயே போயிடும். திரும்பி வரும்போது அங்க ஒரு ராத்திரி தங்கிட்டு அப்படியே இறங்கிடுங்க.

—

பிஎம்_பொண்ணு:

ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு நினைக்கல. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஜாகேஸ்வர்னு சொன்னதும் கௌசானியவே மறந்துட்டாங்க 😅 வீட்டுக்காரர் செந்தூல் அண்ணன் கட்சி, மணாலின்னு முணுமுணுக்குறாரு. ரெண்டு சந்தேகம். பையனுக்கு கேமரன் மலை ரோட்டுலயே வாந்தி வரும், அங்க எப்படி? அம்மா வெள்ளி செவ்வாய் மட்டும் இல்ல முழு சைவம், வெங்காயம் பூண்டு சேப்பாங்க, சாப்பாடு கிடைக்குமா? குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

—

கிள்ளான்_ஆண்ட்டி:

பொண்ணு, வாந்திக்கு நம்ம பழைய வைத்தியம்தான், ஆசாம்போய் (உப்புப் புளிப்பா காய வெச்ச பழம்) ஒரு பாக்கெட், கோடாலித் தைலம் ஒரு பாட்டில். பையன முன் சீட்டுல உக்கார வை, கைல ஃபோனக் குடுக்காதே, வயிறு முட்ட சாப்பாடு குடுக்காதே. காத்கோடாம் ஸ்டேஷன்லேர்ந்து கௌசானி அஞ்சு மணி நேரம் மேல ஆகும்மா, நிறுத்தி நிறுத்தி போனா ஆறு. டிரைவர்கிட்ட முதல்லயே "ஸ்லோ"ன்னு சொல்லிடு, அந்த ஒரு வார்த்தை அவங்களுக்கு நல்லா புரியும், புரியாத மாதிரி நடிச்சா தோளைத் தட்டு.

சைவத்துக்கு கவலையே படாதே, அங்க அசைவம் தேடுறதுதான் கஷ்டம். தினமும் டால், ரொட்டி, உருளைக்கிழங்குன்னு வெச்சு சலிக்க வெச்சுடுவாங்க, அதனால அந்த ஊர் சாப்பாடு கேட்டு வாங்கு. மண்டுவா ரொட்டின்னு இருக்கு, நம்ம கேழ்வரகுதான், நெய் தடவி சுடச்சுட குடுப்பாங்க, உங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். பட் கி சுட்கானின்னு கறுப்பு சோயாவுல ஒரு குழம்பு, சோத்துக்கு அருமை. ஆலு கே குட்கேன்னு உருளைக்கிழங்கு வறுவல், காலைப் பசியாறலுக்கு நல்லா இருக்கும். பாங்க் சட்னின்னு ஒண்ணு வெப்பாங்க, கஞ்சாச் செடியோட விதையில அரைக்கிறது, பயப்படாதே, விதையில போதை கிடையாது, புளிப்பா நல்லாத்தான் இருக்கும். ஆனா ருசியா இருக்கேன்னு அந்த விதையை பொட்டலம் கட்டி பேக்ல போட்டுட்டு மட்டும் வந்துடாதே, கேஎல்ஐஏ ஏர்போர்ட்டுல மாட்டினா உன் சட்னி கதைய எவனும் கேக்க மாட்டான்!!

அல்மோராவுல பால் மிட்டாய் வாங்கு, பால்கோவாவ நல்லா பழுப்பா வறுத்து மேல வெள்ளை சீனி உருண்டை ஒட்டியிருக்கும். சிங்கோரின்னு இலையில கூம்பு மாதிரி சுத்தித் தர்றதும் நல்லா இருக்கும், ஆனா அது ரெண்டு நாள் மேல தாங்காது, ஊருக்கு எடுத்துட்டு வர பால் மிட்டாய்தான் சரி.

குளிர் பகல்ல ஒண்ணும் தெரியாது, வெயில்ல சுகமா இருக்கும். சூரியன் மறைஞ்சதும் சட்டுன்னு இறங்கும் பாரு, நவம்பர் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ. கெந்திங்குக்கு எடுத்துட்டுப் போற ஸ்வெட்டர் பத்தாது. உள்ளாடை மாதிரி போடுற தெர்மல், காது மூடுற தொப்பி, தடியான சாக்ஸ், அம்மாவுக்கு முட்டிக்கு மேல வர்ற மாதிரி. ஹீட்டர் எல்லா ரூம்லயும் இருக்காது, இருந்தாலும் தனிக் காசு கேப்பாங்க, முன்னாடியே பேசிடு. சால்வை அங்கயே கம்பளியில நெசவு பண்ணி விக்கிறாங்க, இங்கேர்ந்து சுமக்காதே.

—

தோட்டத்துப்_பிள்ளை:

யாரும் பாகேஸ்வர் பத்தி சொல்லலையே. கௌசானிலேர்ந்து 40 கிலோமீட்டர் கிட்ட, பைஜ்நாத் வழியாத்தான் போகணும், ஒரே நாள்ல ரெண்டையும் பாத்துடலாம். சரயுவும் கோமதியும் சேருற இடம், பாக்நாத்னு சிவன் கோயில். ஊரு அழகுன்னு சொல்ல மாட்டேன், சந்தடியான மலையடிவாரக் கடைத்தெரு, அழுக்கும் உண்டு. நான் போகச் சொல்ற காரணம் வேற.

வெள்ளைக்காரன் காலத்துல அந்த மலையில கூலி பேகார்னு ஒரு முறை இருந்துச்சு. அதிகாரி டூர் வந்தா அவன் பெட்டி படுக்கை எல்லாத்தையும் கிராமத்து ஆளுங்க சும்மா தூக்கிட்டு மலை ஏறி இறங்கணும், எந்த வீட்டுலேர்ந்து யாரு வரணும்னு ஊர்த் தலைவர்கிட்ட ரிஜிஸ்டர் இருக்கும். 1921 ஜனவரியில, உத்தராயணித் திருவிழா அன்னைக்கு, ஆயிரக்கணக்குல ஜனங்க கூடியிருக்கும்போது அந்த ரிஜிஸ்டர எல்லாம் கொண்டாந்து சரயு ஆத்துல வீசிட்டாங்க, இனிமே தூக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணினாங்க. பத்ரி தத் பாண்டேன்னு ஒருத்தர் முன்ன நின்னு நடத்தினாரு. அதோட அந்த முறை ஒழிஞ்சது. 1929-ல காந்தி கௌசானிக்கு வந்தப்போ பாகேஸ்வருக்கும் போனாரு.

எங்க தாத்தா பால்மரம் வெட்டினவரு, கங்காணியோட செக்ரோல்ல (வேலைக்கு வந்த ஆள் கணக்கு) பேர் இல்லைன்னா அன்னைக்கு சம்பளம் இல்ல. அதனாலயோ என்னவோ, அந்தப் படித்துறையில நின்னப்போ பனிமலையப் பாத்தப்ப வராத ஒண்ணு எனக்கு வந்துச்சு. எல்லாருக்கும் வரும்னு சொல்லல. பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்தவங்க பாட்டுக்கு குடிச்சிட்டிருந்தாங்க.

அந்த உத்தராயணி வேற ஒண்ணும் இல்ல, நம்ம பொங்கல் நாள்தான். இப்பவும் ஒரு வாரம் போல மேளா நடக்கும். அந்த நேரம் குமாவுன்னு சொல்ற அந்த மலைப்பகுதி வீடுகள்ல மாவுல இனிப்புப் பலகாரம் சுட்டு மாலையாக் கோத்து பிள்ளைங்க கழுத்துல போட்டு விடுவாங்க, அதுங்க வெளிய வந்து காக்காய கூப்பிட்டு ஊட்டும். காக்காப்பிடி கணுப்பிடின்னு நம்ம பாட்டிங்க வெச்ச அதே காக்காதான். பொங்கலுக்குப் போக முடிஞ்சா போங்க, ஆனா வயசானவங்களோட வேணாம், அந்தக் குளிரு தாங்காது, டெல்லிப் பக்கம் மூடுபனியில ரயில் எல்லாம் மணிக்கணக்குல லேட்டு.

கௌசானிலயே லக்ஷ்மி ஆசிரமம்னு ஒண்ணு இருக்கு, சரளா பெஹன்னு இங்கிலாந்துக்காரம்மா ஒருத்தர் 1946-ல மலைநாட்டுப் பொண்ணுங்களுக்காக ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். காந்தியோட சிஷ்யை. பின்னாடி காட்டைக் காப்பாத்தணும்னு அந்த மலையில நடந்த போராட்டத்துல நின்ன பல பெண்கள் அங்க படிச்சவங்கதான். அது சைட்சீயிங் இடம் இல்ல, பிள்ளைங்க படிக்கிற இடம், கேட்டுக்கிட்டுத்தான் போகணும்.

—

செந்தூல்_சிங்கம்:

சரி சரி, ஒண்ணும் இல்லைன்னு நான் சொன்னது வாபஸ் இல்ல, ஆனா ஜாகேஸ்வர் இருக்குன்னா போகலாம். விவேகானந்தர் சம்பந்தப்பட்ட இடம் ஒண்ணு அந்த ரோட்டுல உண்டு, காக்ரிகாட், 1890-ல அவரு ஆத்தோரம் அரச மரத்தடியில தியானம் பண்ணின இடம். பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமத்துக்கு நம்மகூட வர்ற வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு. ரோட்டோரமே இருக்காம், இறங்கிப் பாத்துட்டுப் போகலாம்.

—

மலையேறி_கேஎல்:

ஆமாண்ணே, அல்மோரா போற வழிதான் அது. அதே ரோட்டுல அதுக்கு முன்னாடி கைஞ்சி தாம்னு நீம் கரோலி பாபா ஆசிரமம் வரும், இப்ப அங்க கூட்டம் தாங்க முடியல, சனி ஞாயிறுல அந்த இடத்தத் தாண்டவே மணிக்கணக்கு ஆகுது. அதனால சிஸ்டர், காத்கோடாம்ல வந்து இறங்குற நாளும் திரும்புற நாளும் வார நாளா இருக்கிற மாதிரி பாத்துக்குங்க. டெல்லிலேர்ந்து ராத்திரி ரயில் ஒண்ணு இருக்கு, ராணிகேத் எக்ஸ்பிரஸ், விடியக்காலைல காத்கோடாம் வந்துடும், அப்பவே கிளம்பினா கைஞ்சிக் கூட்டத்துக்கு முன்னாடி தாண்டிடலாம். அம்மாவுக்கு ராத்திரி ரயில் வேணாம்னா காலைல சதாப்தி இருக்கு, ஆனா இறங்கவே மதியம் ஆயிடும், அன்னைக்கு கௌசானி போக வேணாம், அல்மோராவுல படுத்துடுங்க. நவம்பர்ல மலையில சீக்கிரம் இருட்டிடும், இருட்டுல அந்த ரோடு வேணவே வேணாம்.

—

பிஎம்_பொண்ணு:

அப்ப இப்படி போடலாம்னு இருக்கேன், தப்பா இருந்தா சொல்லுங்க. கேஎல் டெல்லி ஃப்ளைட், டெல்லியில ஒரு ராத்திரி, சதாப்தி, அல்மோரா ஒரு ராத்திரி, மறுநாள் கட்டார்மல் பாத்துட்டு கௌசானி மூணு ராத்திரி, அதுல ஒரு நாள் பைஜ்நாத் பாகேஸ்வர், திரும்ப வரும்போது ஜாகேஸ்வர் ஒரு ராத்திரி, அப்புறம் காத்கோடாம். முசூரி ஹரித்துவார் கட். வீட்டுக்காரர் ஹரித்துவார கேக்குறாரு, நான் பதில் சொல்லல. விசாவுக்கு ஏஜெண்டு தனியா காசு கேக்குறாரு, நானே போடலாமா? அம்மாவுக்கு ஓசிஐ கார்டு (வெளிநாட்டு இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கிறது) இருக்கு.

—

தண்ணிமலை_பக்தன்:

பிளான் நல்லா இருக்கு, ஒண்ணும் மாத்த வேணாம். அம்மாவுக்கு ஓசிஐ இருந்தா விசாவே வேணாம், ஆனா பாஸ்போர்ட்டு புதுசா மாத்தியிருந்தா ஓசிஐ விவரத்தையும் சரி பாத்துக்குங்க. மத்தவங்களுக்கு ஈ-விசா நீங்களே போடலாம், இந்திய அரசாங்க வெப்சைட்டானு முகவரிய நல்லா பாருங்க, அதே மாதிரி டிசைன்ல கூட காசு புடுங்குற சைட்டு நிறைய இருக்கு. ரூபாய கைல வெச்சுக்குங்க, அங்க எல்லாம் ஃபோன்ல ஸ்கேன் பண்ற பேமெண்டுதான், நம்ம பேங்க் கார்ட எல்லாக் கடையும் எடுக்காது, ஏடிஎம்ல காச அல்மோராவுலயே எடுத்துட்டுப் போறது நல்லது.

ஜாகேஸ்வர் ரூம மட்டும் இப்பவே சொல்லி வெச்சுடுங்க. கோயில் பக்கத்துல தங்குற இடம் கம்மி, ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கடை சாத்திடுவாங்க, சாப்பாடு தங்குற இடத்துலயே கிடைக்குமான்னு கேட்டு புக் பண்ணுங்க.